பெண்: காணவில்லை

சித்திரை முடிய ஒன்பது நாள்.
முத்தூருக்குத் தெற்கே
குணவதியின் தேங்காய்க் களத்தில்
நாற்பதாயிரம் காய் வாய்பிளந்து காய்கிறது.
மழை வரக் கூடாதென்று அவள்
நாட்ராயனுக்குக் காசு முடிந்திருக்கிறாள்.
மழை வர வேண்டுமென்று நான்
யாருக்கும் எதுவும் முடியவில்லை.
வேலியோரம் வேட்டியைக் கட்டி
விளக்கை மாட்டி
பதினோரு ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏனுங்க, ஒரு பூச்சிக்கா இத்தன கரண்ட்டு?"
பூச்சிக்குத்தான்.
நெல்லைவிடக் கொஞ்சம் பெரிது,
எள்ளுப் புண்ணாக்கு நிறம்,
கழுத்தடியில் மட்டும் மயிர்,
வெயில் ஊரில் எதற்கோ மப்ளர் சுற்றியதுபோல.
பேர் கிடையாது.
புத்தகத்திலும் இல்லை, ஊர் வாயிலும் இல்லை.
இங்கே கடிப்பதும் பூச்சி
கடிக்காததும் பூச்சி.

வருசம் முழுக்கக் கொறங்காட்டு மண்ணுக்குள்
கொழுக்கட்டைப் புல்லின் வேரைத் தின்று கிடக்கும்.
செம்மறி மேலே மேய
இது கீழே மேயும்.
ஒரு ஒழவு மழை விழுந்தால்
அன்றைக்கு மட்டும் வெளியே வரும்.
வந்தபின் தின்னாது.
வாய் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.
பசியைப் புழுவாக இருக்கும்போதே முடித்துவிட்டு
மிச்சத்துக்கு வருகிறது.

நாலு வருசத்தில் முந்நூற்றுப் பதினேழு பிடித்தேன்.
அத்தனையும் ஆண்.

பன்னிரண்டாம் ராத்திரி
வெள்ளகோயில் பக்கம் மின்னியது.
மண்வாசம் வந்ததும் சிரித்துவிட்டேன்.
குணவதி வைதாள், மழையைத்தான்;
மழைக்கு முகம் இல்லாததால்
என்னைப் பார்த்து.
தார்ப்பாய் இழுக்க ஆள் போதவில்லை.
ஒடிசாவிலிருந்து வந்த சுதாம் ஒரு முனை,
நைட்டியோடு ஓடிவந்த அவள் மகள் ஒரு முனை,
கடன் இருக்கும் ஆத்திரத்தோடு அவள் ஒரு முனை.
நாலாம் முனை காற்றில் படபடத்தது.
அப்போது என் வேட்டியில்
'பட்' என்று முதல் வண்டு.
கேட்டது.
அடுத்தது, அதற்கடுத்தது.
போய் நாலாம் முனையைப் பிடித்தேன்.

தலைக்கு மேலே களத்து விளக்கு.
காதில், சட்டைக்குள்,
மழைநீர் நிரம்பிய தொட்டித் தொட்டியில் மல்லாந்து
கால் உதறிக்கொண்டு
நான் பிடிக்காமல் விட்டவை எல்லாம்
என்மேல் விழுந்துகொண்டிருந்தன.

விடிந்ததும் பாயைப் பிரித்தால்
மடிப்புக்கு ஒரு படி வண்டு.
மூணு மூட்டை நனைந்துபோன கோபத்திலும்
முறத்தில் புடைத்துக் கொடுத்தாள்.
"கிலோ என்ன வெலைங்க போகும்?"
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.
ஆண்.
ஆண்.
கொம்பை விசிறிபோல் விரித்தபடி செத்திருந்தது,
அதுவும் ஆண்.

கிளுவை வேலி தாண்டிக் காட்டுக்குள் போனேன்.
வெள்வேல மரத்தடியில்
பென்சில் நுழையும் அளவு ஒரு துளை.
அதன் வாயில் ஏழெட்டு,
தலை உள்ளே, கால் வெளியே,
ரேசன் கடைத் தள்ளுமுள்ளு.
காட்டுக்காரர் ஒரு சாண் தோண்டத்தான் விட்டார்:
"புல்லு வேரு அந்துச்சுன்னா
மூணு வருசம் மொட்டையா நிக்குமுங்க."
ஒரு சாண் தோண்டினேன்.
துளை ஒரு சுக்கான்கல்லைச் சுற்றி வளைந்து
என் சாணுக்குக் கீழே போனது.
மண்ணைத் திரும்பத் தள்ளி மிதித்தேன்.

விரல்நகம் அளவு அட்டை.
முத்தூர். மேய்ச்சல் காடு. முதல் மழை.
விளக்குக்கு வந்தவை. ஆண்: நூற்று நாற்பது.
பெண்: காணவில்லை.

எழுதிய பின் பார்த்தால்
காங்கயம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில்
போட்டோவோடு ஒட்டியிருக்கும் நோட்டீஸ் மாதிரி இருந்தது.
அவள் எங்கேயும் போகவில்லையே.
அடித்துவிடலாமென்று பேனாவை வைத்தேன்.
இன்னொருதரம் படித்தேன்.

பெண் காணவில்லை.
என் விளக்கை,
வேட்டியை,
நாலு வருசமாக என்னை.

சரியாகத்தான் இருந்தது.
விட்டுவிட்டேன்.